தண்ணீர் 94இல் கொதித்தது, பிள்ளைகளை 100 என்று எழுதச் சொல்லிவிட்டேன்

மூடுபனி
எல்லோருக்கும் வணக்கம். நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் இந்த வருடத் தொடக்கத்திலிருந்து தரம் 9, 10 விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் செய்தவள்தான். ஆனால் அளவியை (கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கும் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) கடைசியாகக் கையில் பிடித்து ஏழு வருடம் ஆகிறது. அப்போதும் பத்துப் பேர் சுற்றி நின்று சேர் செய்வதைப் பார்த்ததுதான் அதிகம்.

நேற்று கொதிநிலைச் செய்முறை. முகவையில் தண்ணீர், மதுசார விளக்கு, பாடசாலைக்கே ஒன்றாக இருக்கும் வெப்பமானி. ஐந்து குழுவுக்கும் அது கைமாறிப் போனது. வாசிப்புகள்: 94.5, 94.5, 95, 94.5. கடைசிக் குழுவுக்கு 97. ஒருவருக்கும் 100 வரவில்லை. மணி அடிக்கப் போகிறது, பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். "வெப்பமானி பழசு, 100 என்று எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டேன். எழுதினார்கள். ஒருத்தி மட்டும், "வெப்பமானி பழசுன்னா கடைசி குரூப்புக்கு மட்டும் ஏன் டீச்சர் 97?" என்று கேட்டாள். பதில் இல்லை. மணி அடித்தது, நல்லவேளை.

ஏப்ரல் விடுமுறையில் அடிப்படையை ஒரு தடவை மீட்டிப் பார்க்க நினைக்கிறேன். அளவீடு, மூல் (அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகு), நியமிப்பு (ஒரு கரைசலை இன்னொன்றோடு தாக்கமுற விட்டு அதன் செறிவைக் காண்பது), ஆய்வுகூடப் பழக்கம் எல்லாம். எங்கே தொடங்குவது? அதற்கு முன் அந்த வெப்பமானியை மாற்ற வேண்டுமா?

பண்டாரவளை பஸ்
வெப்பமானியில் குறை இல்லை டீச்சர், நீங்கள் நிற்கிற இடம்தான் உயரம்! எங்கள் வீட்டில் குக்கர் இல்லாமல் கடலை வேகவே வேகாது. கொழும்பிலிருந்து வந்த மச்சாள் விறகைக் குறை சொன்னாள்.

பழைய மாஸ்டர்
மேலே சொன்னவர் சரி. கொஞ்சம் விரிக்கிறேன், ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை என்ன.

தண்ணீரின் ஆவியமுக்கம் வெளியே உள்ள வளியமுக்கத்துக்குச் சமமாகும்போது தண்ணீர் கொதிக்கும். கடல் மட்டத்தில் அந்த அமுக்கம் 101.3 கிலோபஸ்கால், அதனால் 100 பாகை. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அமுக்கம் ஏறக்குறைய 81 கிலோபஸ்கால்தான், தண்ணீர் 94 பாகையை ஒட்டிக் கொதித்துவிடும். கைக்கணக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை குறையுங்கள். ஹட்டன் 1,271 மீற்றர், 96க்குச் சற்றுக் கீழே. பதுளை ஏறக்குறைய 680, அங்கே 98 பக்கம். ஆகவே உங்கள் பிள்ளைகள் நல்ல வாசிப்பு எடுத்திருக்கிறார்கள். பிழையான எண்ணை எழுதச் சொன்னது நீங்கள். கோபிக்க வேண்டாம், நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான்.

அந்தப் பிள்ளையின் கேள்வி அருமையான கேள்வி. வெப்பமானி பிழையென்றால் எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு பிழைத்திருக்க வேண்டும். ஒரு குழு மட்டும் விலகினால் அவர்கள் செய்த விதத்தைப் பார்க்க வேண்டும். என் ஊகம், குமிழ் முகவையின் அடியைத் தொட்டிருக்கும். அடிக்கண்ணாடி சுடரின் சூட்டை நேரே வாங்குகிறது. குமிழ் தண்ணீருக்குள் முழுதாக இருக்க வேண்டும், அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. கண் மட்டம் திரவத்தின் நுனிக்கு நேரே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடமாறு தோற்ற வழு, அதாவது சாய்ந்து பார்ப்பதால் வரும் பிழை.

97ஐ இப்போதே வெட்டிவிடாதீர்கள். மற்றதோடு ஒத்துப்போகவில்லை என்பது ஒரு வாசிப்பைத் தூக்கி எறியக் காரணம் ஆகாது. அதே குழுவை மறுபடி செய்ய விடுங்கள். குமிழைத் தூக்கிப் பிடித்து 94.5 வந்தால் காரணம் தெரிந்துவிடும், அப்புறம் வெட்டலாம்.

வெப்பமானியைச் சோதிக்க நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குமிழை அதற்குள் ஐந்து நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வித்தியாசம்தான் பூச்சிய வழு.

டியூசன் அண்ணன்
மாஸ்டர் சொல்வது விஞ்ஞானத்துக்குச் சரி. சாதாரண தரப் பேப்பருக்குச் சரியா? பிள்ளை 94 என்று எழுதினால் புள்ளி போகும். தோட்டப் பிள்ளைக்கு ஒரு புள்ளியும் பெறுமதி. நான் பட்டென்று 100 என்றே சொல்லிக்கொடுப்பேன்.

லயத்துப்பிள்ளை
அண்ணே, பேப்பரில் கேட்பது "நியம வளியமுக்கத்தில் நீரின் கொதிநிலை". அதற்குப் பதில் 100. கொப்பியில் கேட்பது "நீ அவதானித்த வெப்பநிலை". அதற்குப் பதில் 94.5. இரண்டும் இரண்டு கேள்வி. இதைப் பிரித்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கோபம் உண்டு. அம்மா கொழுந்து எடுத்தவர். நான் சின்னதாக இருக்கும்போது நிறுவைக்குக் கூடவே போவேன். தராசு ஒன்று காட்டும், துண்டில் வேறொன்று எழுதுவார்கள். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு. கூடைக்குக் கழிப்பதில் நியாயம் இருக்கிறது, வெறும் கூடையை நிறுத்து அதைக் கழித்தால். மழை நாளில் ஈரத்துக்குக் கழிப்பதையும் விட்டுவிடலாம். காய்கிற வெயிலிலும் ஈரத்துக்குக் கழித்தார்கள். மட்டத்துக்கு, அதாவது ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய அளவுக்கு, ஒரு கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான்.

உயர்தரத்தில் பௌதிகவியல் சேர் எழுமாற்று வழு, முறைமை வழு என்று கரும்பலகையில் இரண்டு சொல் எழுதினார். வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. எனக்கு உடனே பிடிபட்டது. ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்று இரு பக்கமும் ஆடினால் எழுமாற்று வழு. நிறையத் தடவை எடுத்துச் சராசரி கண்டால் அது தணியும். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் முறைமை வழு. ஆயிரம் தடவை நிறுத்தாலும் தணியாது. அந்தத் தராசு ஒரு நாளும் அம்மாவுக்குக் கூடுதலாக எழுதியதில்லை.

மூடுபனி
@லயத்துப்பிள்ளை இதை அப்படியே வகுப்பில் சொல்லப் போகிறேன். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேரின் அம்மாக்கள் கொழுந்து எடுப்பவர்கள்தான்.

மாஸ்டர், மிக்க நன்றி. அடுத்த வகுப்பிலேயே 97 குழுவை மறுபடி செய்ய விடுகிறேன். இன்னொரு சந்தேகம். ஒரு பையன் முதல் நான்கு வாசிப்புக்கும் சராசரி 94.625 என்று கல்குலேட்டரில் பார்த்து எழுதியிருக்கிறான். சரி போட்டேன். சரிதானா?

அளவி50
பெருக்கல் வகுத்தல் சரி, எழுதியது சரியில்லை. அரைப் பாகைக்கு வாசிக்கிற கருவியிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு எப்படி வரும்? 94.6 போதும். நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் கல்குலேட்டர் காட்டிய எட்டு இலக்கத்தையும் பதிவேட்டில் இறக்குகிறார்கள். பொருளுள்ள இலக்கம் என்பது இலக்கணப் பாடம் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

நியமிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில்தான் கை பழக வேண்டும், எழுதிப் புரியவைப்பது கஷ்டம். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற பிழைகளைச் சொல்கிறேன்.

அளவியைத் தண்ணீரில் கழுவியதும் நிரப்பக் கூடாது. உள்ளே விடப் போகிற கரைசலாலேயே கொஞ்சம் விட்டு அலச வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் தண்ணீர் கரைசலை ஐதாக்கும். குழாயிக்கும் (குறித்த கனவளவை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்) அப்படியே. நியமிப்புக் குடுவைக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் போதும், அதைக் கரைசலால் அலசினால் மூல் கூடிவிடும். ஏன் ஒன்றுக்கு அலசல், மற்றதுக்கு அலசல் இல்லை என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குச் செறிவும் கனவளவும் மூலும் விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

அளவியின் கீழ் நுனியில் வளிக்குமிழ் நிற்கும். ஒரு தடவை வேகமாகத் திறந்துவிட்டுப் போக்குங்கள். மேலே வைத்த புனலை எடுத்துவிட்டு வாசியுங்கள், அதிலிருந்து ஒரு துளி விழுந்தால் கதை முடிந்தது. பிறையுருவின், அதாவது வளைந்து நிற்கும் திரவ மட்டத்தின், அடியை வாசிக்க வேண்டும். கோடுகள் 0.1 மில்லிலீற்றர் இடைவெளியில் இருக்கும், நடுவைக் கண்ணால் மதித்து 0.05 வரை எழுதலாம். 24.5 இல்லை, 24.50. குழாயியின் நுனியில் கடைசியாக நிற்கும் துளியை ஊதக் கூடாது, அதைக் கணக்கில் விட்டுத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். வாயால் உறிஞ்சவே கூடாது. ரப்பர்க் குமிழ் இல்லையென்றால் மருந்துக்கடை ஊசிக்குழலை இறுக்கமான ரப்பர்க் குழாயால் மாட்டி இழுக்கலாம்.

இப்போது ஆள் கவனிக்காத ஒன்று. 0.05 மூலர் (லீற்றருக்கு 0.05 மூல்) சோடியம் காபனேற்று 250 மில்லிலீற்றர் செய்ய 1.325 கிராம் வேண்டும் (மூலர் திணிவு 106). உங்கள் தராசு 0.01 கிராமுக்கு வாசிக்கும் என்று வைப்போம். 1.32 அல்லது 1.33தான் நிறுக்க முடியும். தொடக்கத்திலேயே அரை வீதத்துக்குக் கிட்ட வழு. அதற்குப் பிறகு அளவியில் 0.05ஐத் தேடிக் கண்ணைச் சுருக்கி என்ன பயன்? அதைவிட 13.25 கிராம் நிறுத்து 250இல் கரையுங்கள், அது 0.5 மூலர். அதிலிருந்து குழாயியால் 25.00 எடுத்து இன்னொரு கனமானக் குடுவையில் 250க்கு ஐதாக்குங்கள். தராசின் வழு பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். தராசு மட்டமாக இருந்தால் நிறையக் கூட்டி நிறுங்கள், பிறகு கண்ணாடியால் குறையுங்கள்.

போத்தலில் நீரற்ற சோடியம் காபனேற்று என்று இருக்கிறதா என்று பாருங்கள். சலவைச் சோடாப் பளிங்கு என்றால் பத்து நீர் மூலக்கூறு சேர்ந்தது, மூலர் திணிவு 286. நான் ஒருமுறை சுட்டுத்துண்டை வாசிக்காமல் ஒரு பகல் முழுவதும் வீணாக்கினேன்.

பண்டாரவளை பஸ்
சோடியம் ஐதரொட்சைட்டை நிறுத்து நேரே நியமக் கரைசல் (செறிவு திட்டமாகத் தெரிந்த கரைசல்) செய்யலாம்தானே? 4 கிராம், ஒரு லீற்றர், 0.1 மூலர். கணக்கு இலேசு.

அளவி50
கணக்கு இலேசு, பொருள் பொல்லாதது. அந்த வில்லைகள் வளியிலிருந்து ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுக்கும். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி நிற்கிற ஊரில் நிறுத்து முடிக்குமுன் கண்ணாடித்தட்டில் ஈரம் பளபளக்கும். நிறுத்தது 4 கிராம், அதில் ஐதரொட்சைட்டு எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதனால் தோராயமாகச் செய்துவிட்டு, செறிவு தெரிந்த அமிலத்தோடு நியமித்து அதன் உண்மையான செறிவைக் காண்பது வழக்கம்.

கொழும்புக்குப் போனவன்
மூடுபனியைத் திட்டுகிறீர்கள், ஒரு இலாபத்தையும் சொல்லுங்கள். கனமானக் குடுவையின் கழுத்துக்குக் கீழே 20 பாகை என்று அச்சடித்திருக்கும், அந்த வெப்பநிலைக்குத்தான் கோடு. தண்ணீரின் அடர்த்தி 20 பாகையில் 0.9982, 30இல் 0.9957. கொழும்பில் நாங்கள் 30இல் கரைசல் செய்கிறோம், கால் வீதம் போய்விடுகிறது. நுவரெலியாவில் 15 என்றால் 0.9991, வித்தியாசம் பத்தில் ஒரு வீதம்கூட இல்லை. ஆகவே கண்ணாடி விஷயத்தில் உங்கள் ஊர்தான் நல்ல ஆய்வுகூடம் :)

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. நான் படித்த பாடசாலையில் ஒரு தை மாதக் காலையில் செறிந்த அசற்றிக் அமிலப் போத்தல் கல்லாகக் கிடந்தது. பழுதாகிவிட்டது என்று குழி வெட்டிப் புதைக்கப் போனார்கள். அது 16.6 பாகைக்குக் கீழே உறையும், அவ்வளவுதான். மூடியைத் தளர்த்தி இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். சுடரில் காட்டக் கூடாது, ஆவி தீப்பிடிக்கும்.

மூடுபனி
புதைக்கப் போனார்களா! சிரித்துவிட்டேன், ஆனால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அலகு மாற்றல், மூல் இரண்டும் பிள்ளைகளுக்குச் சுத்தமாக ஏறவில்லை. நான் சொல்லும்போது எனக்கே கொட்டாவி வருகிறது.

பழைய மாஸ்டர்
புத்தகத்து உதாரணத்தை விட்டுவிடுங்கள். வீடு கட்ட 7 பேர்ச் காணி என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். 7 பேர்ச் எத்தனை? 177. வகுப்பறையை அளந்து, நம் வகுப்பைப் போல எத்தனை வகுப்பு அந்தக் காணிக்குள் போகும் என்று கேளுங்கள். ஒருவரும் தூங்கமாட்டார்கள். பெரியவர்கள் இன்னமும் இறாத்தலில் பேசுகிறார்கள், ஒரு இறாத்தல் 453.6 கிராம். தோட்டத்து மழைமானியில் அங்குலம், செய்தியில் மில்லிமீற்றர். ஓர் அங்குலம் 25.4. ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் தகரத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். லயத்துக் கூரையை அளந்தால் நேற்றைய மழையில் எத்தனை பீப்பாய் நிரம்பியிருக்கும் என்று சொல்லிவிடலாம்.

மெல்லிய தடிப்பை அளக்கும் வேணியர் இடுக்குமானி இல்லையென்றால் 200 பக்கப் பாடப்புத்தகத்தின் தாள்களை இறுக்கிப் பிடித்து அடிமட்டத்தால் அளக்கச் சொல்லுங்கள். 100 தாள் 9 மில்லிமீற்றர் என்றால் ஒரு தாள் 0.09. அடிமட்டத்தில் ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே பார்க்க முடியாத நாம் அதில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானதை அளந்துவிட்டோம்.

மூலுக்கும் அதே உத்தியைத் திருப்பிப் போடுங்கள். 100 கடலை எண்ணி நிறுங்கள். 30 கிராம் வந்தால் ஒரு கிலோவில் ஏறக்குறைய 3,300 கடலை. எண்ணாமலே எண்ணியாயிற்று. எண்ண முடியாத சிறிய சாமானை நிறுத்து எண்ணுவது, மூல் என்பது அவ்வளவுதான். எண் மட்டும் பெரிது, 6.022 × 10²³. 18 கிராம் தண்ணீர், அதாவது நாலு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய, அதற்குள் அத்தனை மூலக்கூறு. 2019 மே 20 முதல் அந்த எண்ணையே நிலையாக நிறுத்தி மூலுக்கு வரைவிலக்கணம் கொடுத்திருக்கிறார்கள். அதே நாளில்தான் பிரான்சில் பெட்டிக்குள் இருந்த பிளாற்றினம்-இரிடியம் கிலோகிராம் கட்டிக்கும் ஓய்வு கொடுத்தார்கள், என்னைப் போல.

பாதுகாப்பு பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அமிலத்தைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாக விட வேண்டும், தண்ணீரை அமிலத்துக்குள் அல்ல. முக்கியமாகச் சல்பூரிக் அமிலம், அது கக்கும் சூட்டில் தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டிக்கொண்டு ஐதரோகுளோரிக் அமிலப் போத்தலைத் திறக்கிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பனி உள்ளே வந்தால் வரட்டும், திறந்து வையுங்கள்.

லயத்துப்பிள்ளை
அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் காட்டி வாங்கக் காசில்லையென்றால் சிவப்புக் கோவாவை வெட்டிக் கொதிக்க வைத்து வடியுங்கள். தேசிக்காய்க்குச் சிவப்பு, சவர்க்காரத் தண்ணீருக்குப் பச்சை. பிளேன்டீயும் காட்டிதான், தேசிக்காய் விட்டால் நிறம் வெளுப்பது அதனால்தான். தேயிலைக்கு மண்ணின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூட) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது, அதற்கும் கீழே போனால் அமிலத்தைக் குறைக்க டொலமைற்றுத் தூள் போடுவார்கள். அந்தத் தூளில் ஒரு பிடி வாங்கி ஐதான அமிலம் விட்டுப் பாருங்கள். சுண்ணக்கல் போல உடனே பொங்காது, மெதுவாக, கொஞ்சம் சூடு காட்டினால் நன்றாக நுரைக்கும். பொறுமை இல்லாத பிள்ளை "தாக்கம் இல்லை" என்று எழுதிவிடும்.

மூடுபனி
ஐஸ் சோதனை செய்துவிட்டேன்! வெப்பமானி −1.5 காட்டியது. அப்படியென்றால் உண்மையில் தண்ணீர் 96இல் கொதித்திருக்கிறது. மாஸ்டரின் கணக்கு இடிக்கிறதே? பிள்ளைகள் குழம்பிப்போய் இருக்கிறார்கள், நான் அதைவிட.

அளவி50
ஐஸ் எங்கே வாங்கினீர்கள்?

மூடுபனி
சந்தியில் மீன் கொண்டுவரும் லொறிக்காரரிடம்.

கொழும்புக்குப் போனவன்
😂😂 மீன் ஐஸா! உப்பு இருக்கும் டீச்சர். உப்புக் கலந்தால் உறைநிலை 0க்குக் கீழே இறங்கும்.

பழைய மாஸ்டர்
சிரிக்காதீர்கள், அவர் ஒரே கல்லில் இரண்டு பாடம் எடுத்துவிட்டார். கொதித்தாறிய தண்ணீரைக் குளிர்ப்பெட்டியில் உறைய வைத்து நொறுக்கி மறுபடி செய்யுங்கள். மீன் ஐஸ் வாசிப்பையும் கொப்பியில் வைத்திருங்கள், பக்கத்தில் காரணத்தை எழுதி.

டியூசன் அண்ணன்
நான் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். போன கிழமை என் வகுப்பில் லயத்துப்பிள்ளை சொன்ன மாதிரி இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேட்டேன். ஒரு பிள்ளையும் குழம்பவில்லை. 100 பேப்பருக்கு, 96 ஹட்டனுக்கு என்று அதுகளே சொல்லிக்கொள்கின்றன.

மூடுபனி
முடிந்தது. அதிபர் வீட்டுக் குளிர்ப்பெட்டி ஐஸ், 0.5 காட்டியது, மூன்று தடவையும். அரைப் பாகை கூடக் காட்டுகிறது. 94.5இலிருந்து கழித்தால் 94.0. 97 குழு மறுபடி செய்து 94.5 எடுத்தார்கள். குமிழ் அடியில் தொட்டுக்கொண்டுதான் இருந்தது, பிடித்திருந்த பையனே சொல்லிவிட்டான்.

கொப்பியில் 100ஐ அழிரப்பரால் அழிக்கப் போனார்கள். வேண்டாம், ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதித் திகதி போடுங்கள் என்றேன். என் குறிப்புப் புத்தகத்திலும் அப்படியே வெட்டினேன், அவர்கள் பார்க்க.

இப்போது புதிய பிரச்சினை. அன்றைக்குக் கேள்வி கேட்டாளே, அவள் வீட்டார் வருகிற போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) சிவனொளிபாதமலை ஏறுகிறார்கள். உச்சி 2,243 மீற்றர், அங்கே 92.5இல் கொதிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். மேலே உள்ள தேநீர்க் கடையில் வைத்துப் பார்க்க வெப்பமானி கேட்கிறாள். பாடசாலையில் இருப்பது அது ஒன்றுதான். கொடுக்கலாமா?

பழைய மாஸ்டர்
கொடுங்கள். துணியில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்துக் கொடுங்கள். அரைப் பாகை கழிக்க மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உடைந்தால் என் பென்சனில் ஒன்று வாங்கித் தருகிறேன்.

பண்டாரவளை பஸ்
கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வெறும் தண்ணீர்க் கேத்தலில் விடச் சொல்லுங்கள். போயா அன்றைக்குப் பால் சட்டியில் விட்டால் மலையிலிருந்து இறங்கிவர முடியாது.